படத்தில் நிற்கும் அந்த மனிதர் யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் டெட்ராய்ட் நகரத்தின் பழைய கார் தொழிற்சாலைப் படங்கள் சிலவற்றை அச்சிட்டிருந்தோம். அதைப் பார்த்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே போட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் போலந்து வம்சாவளியைச் சேர்ந்த ஒரு பாட்டி இருக்கிறார், எண்பது வயதுக்கு மேல். அலமாரியிலிருந்து ஒரு நீளமான சுருள் படத்தை எடுத்துக் காட்டினார். அதில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நிற்கிறார்களாம், அவருடைய தாத்தாவும் இருக்கிறாராம், எந்த முகம் என்று அவருக்கே தெரியாதாம். "டாட்ஜ், ஹாம்ட்ராம்க்" என்று மட்டும் சொல்கிறார். ஸ்கேன் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார். பிரிக்கவே பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. தயவுசெய்து பிரிக்காதீர்கள். காகிதத்தின் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சு இத்தனை வருடத்தில் காய்ந்து விறைத்துப் போயிருக்கும், பலவந்தமாக நிமிர்த்தினால் குறுக்கே குறுக்கே வெடிக்கும், அந்த வெடிப்பு பெரும்பாலும் யாராவது ஒருவர் முகத்தின் மேல்தான் விழும். இஸ்திரிப் பெட்டி, லேமினேஷன், செல்லோடேப் எதுவும் கிட்டவே வரக்கூடாது. புகைப்படப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்கள் இந்தச் சுருளைக் கட்டுப்படுத்திய ஈரப்பதத்தில் வைத்துத் தானாகத் தளரவிட்டு, அப்புறம் உறிஞ்சுதாள்களுக்கு நடுவே பாரம் வைத்து மெதுவாகத் தட்டையாக்குவார்கள். அருகிலுள்ள அருங்காட்சியகத்திலோ வரலாற்றுச் சங்கத்திலோ கேட்டால் ஆளைச் சொல்வார்கள். செலவு ஆகும்தான், ஆனால் இது ஒரு முறை செய்கிற வேலை.

நீங்கள் சொல்லும் படம் அநேகமாக சர்க்கட் என்ற கேமராவில் எடுத்தது. 1904-இல் காப்புரிமை பெற்ற கேமரா அது. முக்காலியின் மேல் கேமரா கடிகாரப் பொறியால் மெதுவாகச் சுழலும், உள்ளே ஃபிலிமும் கூடவே நகரும். ஆட்களை வளைவாக நிற்க வைப்பார்கள், படத்தில் வரிசை நேராக விழும். இடது ஓரத்தில் நின்ற துடுக்கான பையன் கேமரா திரும்புவதற்குள் பின்பக்கமாக ஓடி வலது ஓரத்திலும் நின்றுவிட்டால் இரண்டு இடத்திலும் அவன் இருப்பான், அப்படிப்பட்ட படங்களும் உண்டு. உங்களுக்குப் பயன்படும் விஷயம் வேறு. நெகட்டிவ் எவ்வளவு பெரியதோ அதே அளவில் அச்சிட்ட படம் இது, பெரிதாக்கியது அல்ல. அதனால் பச்சைப்பயறு அளவு முகத்தில்கூட நல்ல ஸ்கேனரில் மீசையும் கண்ணும் தெளிவாக வரும்.

படம் தட்டையானதும் முதலில் கீழ் ஓரத்தைப் பாருங்கள். படம் எடுத்தவர் நெகட்டிவில் மையால் எழுதியது அச்சில் வெள்ளை எழுத்தாக விழுந்திருக்கும். தொழிற்சாலைப் பெயர், துறை, தேதி, ஸ்டூடியோ பெயர் என்று ஏதாவது ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு அதிகம். துறை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டை கட்டியவர்கள் பெரும்பாலும் ஃபோர்மேனும் குமாஸ்தாவும், ஏப்ரனும் தொப்பியும் போட்டவர்கள் லைனில் நின்றவர்கள். சட்டையிலோ ஏப்ரனிலோ எண் போட்ட உலோக வில்லை தெரிகிறதா என்று பாருங்கள். பாட்டியின் வீட்டில் ஏதாவது டப்பாவில் அதே மாதிரி ஒரு வில்லை கிடக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

தாத்தாவை உறுதி செய்ய இன்னொரு வழியும் இருக்கிறது. முதல் உலகப்போரின்போது 1917, 1918 இரண்டு வருடங்களிலும் அமெரிக்காவில் ஆண்கள் ராணுவப் பதிவு அட்டை நிரப்ப வேண்டியிருந்தது. 1918 செப்டம்பர் 12 பதிவில் 18 முதல் 45 வயது வரை, குடியுரிமை பெறாதவர்களும் சேர்த்து, அதுவரை பதியாத எல்லோரும் வந்தார்கள். அந்த அட்டையில் முதலாளியின் பெயரும் வேலை செய்யும் இடமும் இருக்கும். 1920, 1930, 1940, 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் இப்போது பொதுப்பார்வைக்குத் திறந்திருக்கின்றன. போலந்துப் பெயர்களை அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள், ஆகவே நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.

டெட்ராய்டுக்கு நடுவே இருக்கும் தனிச் சிறு நகரமான ஹாம்ட்ராம்க் பற்றி ஒரு வார்த்தை. ஜான், ஹோரஸ் என்ற டாட்ஜ் சகோதரர்கள் 1903 முதல் ஃபோர்டுக்கு எஞ்சின் உள்ளிட்ட பாகங்கள் செய்து கொடுத்தவர்கள். 1910-இல் ஹாம்ட்ராம்கில் பெரிய தொழிற்சாலை கட்டினார்கள், 1914 நவம்பரில் தங்கள் பெயரிலேயே கார் விட்டார்கள். 1910-இல் 3,500 சொச்சம் பேர் இருந்த அந்த ஊரில் 1920-இல் 48,000-க்கு மேல். வந்தவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். 1980-இல் தொழிற்சாலை மூடப்பட்டது, 1981-இல் இடித்தே விட்டார்கள். அந்தக் கட்டடம் இன்று பூமியில் இல்லை என்பதால்தான் உங்கள் பாட்டியின் சுருள் எனக்குப் பொக்கிஷமாகத் தெரிகிறது.

ஸ்கேன் வேலை ஒருபக்கம் நடக்கட்டும், இந்த வாரமே அவரிடம் பேசி செல்போனில் பதிவு செய்யுங்கள். தாத்தா எந்தத் தெருவிலிருந்து வேலைக்குப் போனார், எந்த ஷிஃப்ட், வீட்டுக்கு வரும்போது உடம்பில் என்ன நாற்றம், எந்த விரலில் தழும்பு, ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயில், சம்பளக் கவரை யார் கையில் கொடுப்பார் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் பதில் வரும்.

கேள்வி: ஆயிரம் கார்கள் வரிசையாக நிற்கும் ஒரு படம் இணையத்தில் சுற்றுகிறது. "உலகின் முதல் அசெம்பிளி லைன் ஒரே நாளில் செய்த கார்கள், 1913" என்று கீழே எழுதியிருக்கிறது. உண்மையா? – ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: படம் உண்மை, தலைப்பு பாதி உண்மை. ஹைலண்ட் பார்க் ஃபோர்டு தொழிற்சாலைக்கு வெளியே 1913 ஆகஸ்டில் எடுத்தது. உற்றுப் பாருங்கள், நிற்பவை முழுக் கார்கள் இல்லை, மேல்கூடு வைக்காத சேசிஸ்கள். அன்றைய ஒரு நாள் உற்பத்தியைக் காட்ட நிறுவனமே நிறுத்திவைத்து எடுத்த விளம்பரப் படம்.

தேதியையும் கவனிக்க வேண்டும். நகரும் லைன், அதாவது ஆள் நிற்கும் இடத்துக்கே வேலை நகர்ந்து வரும் முறை, அங்கே ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1913 ஏப்ரலில், எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ஃப்ளைவீல் மேக்னட்டோ என்ற பாகத்தில் தொடங்கினார்கள். ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து ஒரு மேக்னட்டோவைப் பூட்ட சுமார் 20 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. அந்த வேலையை 29 ஆட்களுக்குப் பிரித்து வரிசையில் நிறுத்தியதும் ஒன்றுக்கு 13 நிமிடம் 10 விநாடி என்று குறைந்தது, பின்னர் இன்னும் குறைந்து 5 நிமிடத்துக்கு வந்தது. சேசிஸ் விஷயத்தில் அந்த ஆகஸ்டில்தான் கயிறு கட்டி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் ஒரு சேசிஸுக்கு 12 மணி 28 நிமிட உழைப்பு. 1914 வசந்த காலத்தில் சங்கிலியால் இழுக்கும் லைன் நிலைபெற்றபோது 93 நிமிடம். ஆக அந்தப் படத்தில் இருக்கும் ஆயிரம் சேசிஸ்களில் பெரும்பங்கு பழைய முறையில் ஒரே இடத்தில் நிறுத்தி, ஆட்கள் சுற்றி நின்று பூட்டியவை. லைன் வருவதற்கு முன்பே அந்தத் தொழிலாளர்கள் அவ்வளவு செய்துகொண்டிருந்தார்கள் என்று அந்தப் படத்தைப் படிப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் இங்கே ஒரு வாகனத் தொழிற்சாலையில் லைனில் வேலை செய்கிறேன். 1914-இல் ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் கொடுத்தார், தொழிலாளி வாழ்வே மாறியது என்று எல்லாப் படத்தின் கீழும் எழுதுகிறார்கள். அந்தக் குடும்பங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தனவா? அவர்கள் வாய்மொழியாக ஏதாவது இருக்கிறதா? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசை, அதுவும் லைனில் நிற்கும் ஒருவர் கேட்கும்போது.

அறிவிப்பு வந்தது 1914 ஜனவரி 5. அதற்கு முன் ஒன்பது மணி நேரத்துக்கு 2 டாலர் 34 சென்ட், இனி எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர். தொகை மட்டும் பார்த்தால் பிரமாதம்தான். ஏன் கொடுத்தார்கள் என்றால் ஆள் தங்கவில்லை. 1913-இல் ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம், அதாவது சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்தை நிரப்ப வருடத்துக்கு 50,000-க்கும் மேல் ஆளெடுக்க வேண்டியிருந்தது. ஒரே திருகை நாள் முழுக்க முடுக்குவது பிடிக்காமல் வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். அறிவிப்பு வந்ததும் பல ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஹைலண்ட் பார்க் வாசலில் குவிந்தார்கள், ஜனவரி 12 அன்று உறையும் குளிரில் அந்தக் கூட்டத்தின் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார்கள். வாசலில் தொப்பிகள் கடலாகத் தெரியும் படங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்தால் இந்தத் தண்ணீரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

5 டாலரும் முழுச் சம்பளம் இல்லை. பழைய கூலி அப்படியே இருக்க, மீதி லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது, அதற்கு நிபந்தனை இருந்தது. சமூகவியல் துறை என்று ஒரு துறை அமைத்து அதிகாரிகளை வீட்டுக்கே அனுப்பினார்கள். சேமிக்கிறாரா, குடிக்கிறாரா, வீடு சுத்தமா, வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறார்களா, திருமணமானவரா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். நல்ல வீடு இப்படி, கெட்ட வீடு இப்படி என்று படம் போட்டுத் தொழிலாளிக்குக் கையேடும் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஃபோர்டு தொழிலாளி வீட்டுப் படம் ஒன்றைப் பார்த்தால், எடுத்தவர் குடும்பத்தாரா, கம்பெனி ஆளா என்று முதலில் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி படத்தையே மாற்றிவிடும். பெண்களுக்கோ ஆரம்பத்தில் அந்த 5 டாலர் கிடையவே கிடையாது.

1914 கணக்குப்படி தொழிலாளர்களில் 71 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், 22 தேசத்துக்காரர்கள். அதே ஜனவரியில் தங்கள் நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் கொண்டாட விடுப்பு எடுத்த கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஆங்கிலம் கற்பிக்க ஒரு பள்ளி நடத்தினார்கள். அதன் பட்டமளிப்பு விழாப் படம் புகழ்பெற்றது. மேடையில் பிரம்மாண்டமான ஒரு கொப்பரை, ஊர் உடையில் ஒருபக்கம் உள்ளே இறங்குவார்கள், அமெரிக்க கோட்டும் கொடியுமாக மறுபக்கம் வெளியே வருவார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும். அம்மா தைத்துக் கொடுத்த சட்டையாக இருந்திருக்கலாம் உள்ளே விட்டது.

வாய்மொழி கேட்டீர்கள். 1914 ஜனவரி 23 தேதியிட்ட ஒரு கடிதம் ஹென்றி ஃபோர்டுக்கு வந்தது, எழுதியவர் லைனில் நின்ற ஒரு தொழிலாளியின் மனைவி, பெயர் போடவில்லை. அதன் சாரம் இதுதான். உங்கள் சங்கிலி முறை அடிமைகளை விரட்டுகிற மாதிரி இருக்கிறது, என் கணவர் வீட்டுக்கு வந்ததும் அப்படியே விழுந்துவிடுகிறார், சாப்பாட்டைக்கூடத் தொடுவதில்லை, இதற்கு ஏதும் வழி செய்ய முடியாதா? அந்த 5 டாலர் பெரிய வரம்தான், ஆனால் அதை அவர்கள் பாடுபட்டே சம்பாதிக்கிறார்கள். அறிவிப்பு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை பாருங்கள். ஃபோர்டின் புகைப்படக்காரர்கள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றில்கூட இந்தச் சாப்பாடு தொடாத இரவு இல்லை.

பின்னர் டெட்ராய்டை அடுத்த டியர்பார்னில் ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலை வந்தது. அங்கே வேலை நேரத்தில் பேசக்கூடாது, உட்காரக்கூடாது, கண்காணிக்கத் தனி ஆட்படை. உதடு அசையாமல் பேச ஆட்கள் பழகிக்கொண்டார்கள், அதற்கு ஃபோர்டு கிசுகிசு என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் படங்களில் எல்லோர் முகமும் ஏன் கல்லாக இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். கேமராவின் வேகமும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை.

அப்படியானால் நன்றாகவே இல்லையா என்று கேட்டால், அதுவும் சரியில்லை. அந்தப் பணத்தில் வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், ஊரிலிருந்து தம்பியை வரவழைத்தார்கள். பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் இந்த நன்றியும் அந்த வலியும் ஒரே மூச்சில்தான் வரும், ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். 1950-களில் ஃபோர்டின் ஆவணக்காப்பகமே பழைய ஆட்கள் பலரை உட்கார வைத்து நினைவுகளைப் பதிவு செய்தது. சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலையில் கொக்கியில் தொங்கி நகரும் மாடுகளைப் பார்த்துவிட்டு வந்துதான் காரையும் அப்படிச் செய்யலாம் என்று தோன்றியதாக வில்லியம் கிளான் என்ற ஃபோர்மேன் சொன்னதும் அப்படிப் பதிவானதுதான்.

கேள்வி: எங்கள் பூட்டனார் ஒரு பழைய ஃபோர்டு காரில் உட்கார்ந்திருக்கும் படம் எங்கள் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கிறது. அதுவும் டெட்ராய்டில் செய்ததாக இருக்குமா? – ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அந்தக் காலத்து ஃபோர்டு வகையான மாடல் டி என்றால் பெரும்பாலும் டெட்ராய்டுக்கு ஆற்றுக்கு அக்கரை, கனடாவில்! ஃபோர்டு கனடா நிறுவனம் 1904-இல் வாக்கர்வில் என்ற ஊரில் தொடங்கியது, பிரிட்டன் நீங்கலாகப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதும் விற்கும் உரிமை அதனிடம்தான் இருந்தது. நம் ஊரில் சாலையின் இடதுபக்கம் ஓட்டுவதால் இங்கே வந்த வண்டிகளில் ஸ்டியரிங் வலதுபக்கம். படத்தில் ரேடியேட்டர் பளபளவென்று பித்தளையாகத் தெரிந்தால் 1916 அல்லது அதற்கு முந்தைய மாடல், கறுப்பு மூடியோடு இருந்தால் அதற்குப் பின். படத்தை ஃபிரேமோடு சுவரில் வெயில் படும் இடத்தில் மாட்டியிருந்தால் ஒரு பிரதி எடுத்து அதை மாட்டுங்கள், மூலத்தை இருட்டான, காய்ந்த இடத்தில் வையுங்கள். பூட்டனாரின் பெயரையும் ஊரையும் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

கேள்வி: இந்தப் படங்களில் பெண்களும் கறுப்பினத்தவரும் ஏன் கண்ணில் படுவதில்லை? – ஒரு ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: இருக்கிறார்கள், கட்டடத்தின் எந்த மூலையில் எடுத்த படம் என்பதைப் பொறுத்தது. பெண்கள் தையல் பிரிவில் கார் கூரைத்துணியும் இருக்கை உறையும் தைத்தார்கள். கறுப்பினத்தவரை மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் துடைக்கவும் சுமக்கவும் மட்டும் எடுத்தபோது ஃபோர்டு ஆயிரக்கணக்கில் எடுத்தது, ஆனால் ரூஜில் அவர்களில் நிறையப் பேர் நின்றது இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில், சூட்டிலும் புகையிலும். பார்வையாளர்களை அழைத்துப்போய்க் காட்ட விரும்பிய இடமும் படமெடுக்க விரும்பிய இடமும் அசெம்பிளி லைன்தான். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வடக்கே வந்த அந்தக் குடும்பங்களின் வீட்டு ஆல்பங்களில்தான் மீதிக் கதை இருக்கிறது.

கேள்வி: கம்பெனி எடுக்காத தொழிற்சாலைப் படங்கள் உண்டா? எங்கே பார்க்கலாம்? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. அதில் முக்கியமானது 1937 மே 26 அன்று ரூஜ் தொழிற்சாலையின் நான்காவது வாசல் மேம்பாலத்தில் எடுத்தது. வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களான வால்டர் ராய்தரும் ரிச்சர்ட் ஃபிராங்கன்ஸ்டீனும் சங்கத் துண்டறிக்கை கொடுக்க வந்திருந்தார்கள். டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகையின் புகைப்படக்காரர் கில்பாட்ரிக் அவர்களைப் படத்துக்கு நிற்கச் சொல்ல, சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், படத்தின் ஓரத்திலேயே ஃபோர்டின் அடியாட்கள் நெருங்குவது தெரிகிறது. அடுத்த படங்களில் அடி விழுகிறது, ஃபிராங்கன்ஸ்டீனின் கோட்டைத் தலைக்கு மேல் இழுத்து அடிக்கிறார்கள். கேமராக்காரர்களையும் விரட்டி, படம் பதிந்த நெகட்டிவ் பிளேட்டுகளைப் பறித்தார்கள். கில்பாட்ரிக் எடுத்த பிளேட்டுகளைக் காரின் பின்சீட்டில் ஒளித்துவிட்டு வெறும் பிளேட்டுகளைக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் நாடே அந்தப் படங்களைப் பார்த்தது. 1941-இல் ஃபோர்டு சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1942-இல் புகைப்படத்துக்கு முதன்முதலாக வழங்கிய புலிட்சர் பரிசும் அதே பத்திரிகையின் மில்டன் புரூக்ஸ் 1941 ரூஜ் வேலைநிறுத்தத்தில் எடுத்த படத்துக்குத்தான்.

தொழிலாளர் பக்கத்துப் படங்களுக்கு வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வால்டர் ராய்தர் நூலகம், கம்பெனிப் படங்களுக்கு டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தின் ஆவணக்காப்பகம், டெட்ராய்ட் நகரக் கண்ணாடி நெகட்டிவ்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், மூன்றையும் வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம். ஃபோர்டு எடுத்த பழைய சலனப்படங்கள் 1963-இல் அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. டெட்ராய்டுக்கே போக வாய்ப்பு வந்தால் முதலில் பிக்கெட் அவென்யூ போங்கள். ஃபோர்டு 1904-இல் கட்டிய மூன்று மாடிச் செங்கல் கட்டடம், 1908-இல் முதல் மாடல் டி பிறந்தது அங்கேதான், இப்போது அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது.